எழுபத்திரண்டாம் எண் லைன்மேன்

லைன்மேன் என்றதும் மின்கம்பம் ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்லும் இனம் ஏறினால் கம்பம் சாய்ந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நின்று, பாய்ந்து வருகிற எதிரணியை நெஞ்சால் தள்ளி, விரல் பிசகி, முட்டி தேய்ந்து, கடைசிவரை பந்தைத் தொடாமலே ஓய்வு பெறுகிற இனம் அது. பந்தல்காலைப் பார்த்து யாராவது கைதட்டுவார்களா?

நெப்ராஸ்காக்காரர் டுவெய்ன் கோபெக்கி இந்த இனத்தில் அசல் சரக்கு. கல்லூரியில் நான்கு வருடம், தொழில்முறை அணியில் ஒன்பது வருடம். அப்படி ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்ததெல்லாம், எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்த குற்றத்துக்கு மட்டும்தான். அதிலும் 'எழுபத்திரண்டாம் எண்' என்றுதான், பெயர் கிடையாது. காபிக் கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார்:

"பதிமூணு வருஷம் ஆடினேன்பா. ஒழுங்கா ஆடின அன்னிக்கெல்லாம் நான் களத்துல இருந்தது எங்கம்மாவுக்கே தெரியாது."

சிரிப்பாரே தவிர, உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்தது. ஒரே ஒரு தடவை, தப்பு எதுவும் செய்யாமல், தன் பெயரை அந்த ஒலிபெருக்கியில் கேட்டுவிட வேண்டும். அறுபத்தொரு வயதில் வாய்ப்பு வந்தது. ஆட்ட இடைவேளையில் பழைய ஆட்டக்காரர்களைக் கல்லூரி கௌரவிக்கப் போகிறதாம். டுவெய்ன் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பழகினார். மனைவி லோர்னா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஈ ஓட்டறீங்களா?"

"கூட்டத்துக்குக் கையாட்டறேன், லோர்னா. கௌரவமா!"

"ஆட்டுங்க, ஆட்டுங்க. பழக்கதோஷத்துல யார் சட்டையையாவது பிடிச்சிடாதீங்க."

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. எண்பதாயிரம் பேர். பொத்தான் போட மறுக்கும் புதுக் கோட்டோடு டுவெய்ன் களத்தின் நடுவில் நின்றார். பக்கத்தில் கையில் மைக்கோடு கல்லூரித் தலைவர். ஒலிபெருக்கி கரகரத்தது:

"எழுபத்திரண்டாம் எண்..."

பெயர் வரும்வரை பொறுத்தாரா மனுஷன்? இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கத்தினார்:

"நான் பிடிக்கலை சார்! அவன்தான் மேல வந்து விழுந்தான்!"

பக்கத்து மைக் அதை ஒரு எழுத்து விடாமல் ஊருக்கே ஒலிபரப்பியது. அரங்கம் சிரித்த சிரிப்பில், அடுத்து வந்த அவர் பெயர் அவர் காதிலேயே விழவில்லை. பாவம், அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

நீங்களும் சிரியுங்கள். நாளைக் காலை அலுவலகத்தில் ஒருவர் வந்து, "சார் உங்களைக் கூப்பிடறார்" என்பார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கு இந்த இருபது வருடத்தில் ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. உங்களுக்கு? எதற்கும் உள்ளே போகும்போது கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.