ஒன்பது வெள்ளைப் பூவும் ஓர் அசல் லாரியும்

மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவதில்லை என்று ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு முடிவு எடுத்தேன்.

என் முடிவு என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

முப்பது வருடமாகக் கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப் போகிறேன். வண்டியில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது இரண்டு வால். மாடுகள் மாறியிருக்கின்றன, காட்சி மாறவில்லை. இப்போது இடது வால் மயிலையுடையது, வலது வால் செவலையுடையது. பக்கத்தில் லாரிகள் ஊதிக்கொண்டு போகும். அந்தப் புழுதியெல்லாம் என் வாய்க்குள் வரும். இத்தனை வருடத்தில் நான் தின்ற ரோட்டைத் திருப்பிப் போட்டால் பாலக்காடு வரைக்கும் போகலாம்.

ஆகவே லாரி வாங்கினேன்.

மூணாறு மலையில், பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய சின்ன லாரி. பன்னிரண்டு வயது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. சக்கரத்துக்கு மர ஆரக்கால். அதைப் பொள்ளாச்சி வரைக்கும் இன்னொரு லாரி கட்டி இழுத்து வந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மயிலையும் செவலையும் இழுத்து வந்தன.

என் மனைவி சுப்பாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இது எதுக்குங்க?"

"இனிமேல் இதுதான் சந்தைக்குப் போகும்."

"மாடு?"

"லாரி ஓடட்டும். மாட்டைக் கொடுத்துடலாம்."

"கெணத்துல கவலை யாருங்க இழுப்பாங்க? லாரியைக் கெணத்துமேட்டுல கட்டித் தண்ணி எறைப்பீங்களா?"

"அதுக்கும் வழி இருக்கு."

"லாரி சாணி போடுமுங்களா?"

கேட்டுவிட்டுக் கட்டுத்தரைக்குப் போய் மயிலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவள் மனம்விட்டுப் பேசுவது அவற்றோடுதான். எட்டு வருடத்துக்கு முன் அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த கன்றுகள். தவிடு பிசைந்து கையால் ஊட்டி வளர்த்தாள். எனக்குப் பிசைந்ததில்லை.

சண்டை வரும் என்று காத்திருந்தேன். மறுநாள் காலையில் வந்து, "சரிங்க. லாரி ஓடுன அன்னைக்கு மாட்டைக் குடுத்துருங்க" என்றாள்.

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

லாரியைச் சீராக்க மத்தியாஸ் வந்தான். திருநெல்வேலிக்காரன். எஸ்டேட்டில் இதே லாரிக்குக் கைவைத்தவன். ஒரு நாள் முழுக்க அதன் வயிற்றுக்குள் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வழி இருக்கு கேட்டுக்கிடுங்க. கூட வந்த அசல் சாமானையே பத்தவச்சு, தட்டி, ராவிப் போடலாம். இல்லேன்னா கோயமுத்தூர்ல புதுசு வாங்கி மாட்டலாம். எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு முடிவு எடுக்க வராது. வேட்டி எடுக்கப் போய், நாலு விரல் கரையா இரண்டு விரல் கரையா என்று நான் யோசிப்பதற்குள் கடைக்காரர் விளக்கை அணைத்திருக்கிறார். லாரியைப் பற்றிய யோசனையோ அதைவிட ஆழமானது. பிறந்தபோது இருந்த உறுப்பை எடுத்துவிட்டு வேறு வைத்தால் அது அதே லாரியா? எனக்கும் மூன்று பல் போய்விட்டது. நான் அதே அர்த்தநாரியா? ரேடியேட்டர் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். மத்தியாஸ் மூன்று நாளும் சாப்பிட்டான்.

சுப்பாத்தாள்தான் வழி சொன்னாள்.

"ஏனுங்க, மனசைப் போட்டு எதுக்குங்க ஒழப்பிக்கறீங்க? மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுருங்க."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் பூக் கேட்பதுதான் வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நாரால் கட்டி ஆத்தாள் முன்னால் தட்டில் போடுவார்கள். பூசாரி உருட்டி விடுவார். கேட்டு வந்தவன் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைக்கு இது, சிவப்புக்கு அது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருப்போம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை ஓடுகிற வாய்க்காலில் விட்டுவிட வேண்டும்.

எங்கள் வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி, ஒரு செம்பருத்திச் செடி. பறித்து மடித்துக் கட்டுவது சுப்பாத்தாள். வெள்ளை வந்தால் அசலைச் செப்பனிடுவது, சிவப்பு வந்தால் புதிது வாங்குவது என்று பூசாரி குருசாமியிடம் சொல்லி வைத்தோம்.

ரேடியேட்டருக்குக் கேட்டேன். வெள்ளை.

கார்புரேட்டருக்குக் கேட்டேன். வெள்ளை.

பிஸ்டன், வெள்ளை. காந்தப் பெட்டி, வெள்ளை. கியர், பிரேக், ஆரக்கால், எல்லாம் வெள்ளை. ஹேண்டிலுக்குக்கூடக் கேட்டேன். வெள்ளை.

"ஆத்தா ஒரே பேச்சுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

எனக்குப் புல்லரித்தது. ஆத்தாளுக்கே அசல்மீது பிடிப்பு இருக்கிறது என்று மத்தியாஸிடம் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அந்தப் பிஸ்டன்ல ஒரு எலி உள்ள போயி வெளிய வரலாம். எங்க பங்குச் சாமியார்ட்டக் கேட்டாக்கூட மாத்தத்தான் சொல்லுவாரு."

"உங்க சாமியாருக்குப் பூ வழக்கம் இல்லையே மத்தியாஸ்."

"பிஸ்டன் வழக்கம் இருக்குல்லா!"

ஒன்பதாவது பூ கேட்டு, அதுவும் வெள்ளையாகி, எல்லா அசல் சாமானையும் பற்றவைத்துத் தட்டி ராவி மாட்டினோம். ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. லாரிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் தன் பேத்திகள் ஐந்து பேரோடு பார்க்க வந்திருந்தாள். மத்தியாஸ் ஹேண்டிலைச் சுழற்றினான். லாரி இருமியது. மறுபடி சுழற்றினான். கரும்புகை விட்டது. பதினேழாவது சுற்றில் ரேடியேட்டர் அழுதது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு லாரி நகர்ந்தது.

"போகுது! போகுது!" என்றேன்.

"எஞ்சின் இன்னும் பிடிக்கல அண்ணாச்சி! சரிவுல உருளுது! பிரேக்கைப் பிடிங்க!"

பிரேக்கும் அசல். லாரி கட்டுத்தரைக்குள் போய்த் தவிட்டுத் தொட்டியில் முட்டி நின்றது. செவலை திரும்பி என்னைப் பார்த்தது. மாட்டின் முகத்தை அத்தனை பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"மெதுவாத்தான் ஓடுதுங்ணா" என்றாள் செல்லாத்தாள்.

லாரியை வெளியே இழுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் மனம் கேட்காமல் கடைசியாகக் கேட்ட பூவின் மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பினேன். அதை இன்னும் வாய்க்காலில் விடவில்லை. கட்டுத்தரையைத் தாண்டும்போது மயிலை கழுத்தை நீட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கியது. நான் இழுத்தேன். இலை கிழிந்தது.

உள்ளே இருந்து விழுந்தது நந்தியாவட்டை.

நான் எடுத்தது வெள்ளை. எடுக்காததும் வெள்ளை.

ஒன்பது தடவையும்!

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வருவதற்குள் சோர்வு வந்துவிடும். தவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் எத்தனை பொட்டலம் இப்படி? தென்னை வைத்தது? மகளை எரிசனம்பட்டியில் கொடுத்தது? இந்த மீசை?

கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

இரண்டு நாள் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, இப்படியே எத்தனை நாளைக்குங்க? மாட்டை வித்துப் புதுச் சாமான் வாங்கி லாரியை ஓட்டறதா, இல்லீன்னா லாரியை ஒடைச்சுப் போட்டுட்டு மாட்டை வெச்சுக்கறதா? ஒரே முட்டா ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாமுங்க."

"கேட்கலாமே" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல்.

"வெள்ளைன்னா பழசு. மாடு நிக்கட்டும். செவப்புன்னா புதுசு. லாரி நிக்கட்டும். செரிதானுங்க?"

"சரிதான்."

"ஆத்தா சொன்னதுக்கு மறுபேச்சு இல்லைங்க."

"எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை."

எனக்குள் ஒரு புலி எழுந்து உட்கார்ந்தது. மாட்டுத் தரகர் நல்லதம்பிக்கு ஆள் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் வந்து துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசலாம் என்று சொல்லச் சொன்னேன். இந்த விஷயம் மயிலைக்குத் தெரியாது. அதன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை. சுப்பாத்தாள் பொட்டலங்களைக் கட்டித் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு செம்பருத்தி பறித்தேன். பூவரச இலையில் மடித்தேன். நார் கட்டினேன். அவள் கட்டிய இரண்டையும் மடியில் செருகிக்கொண்டு என்னுடையதைத் தட்டில் வைத்தேன்.

இரண்டும் சிவப்பு. எதை எடுத்தாலும் லாரி.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். வாசலைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "தட்டை நான் எடுத்துக்கறனுங்க" என்றாள்.

"வேண்டாம். நானே எடுத்து வர்றேன்."

கோயில் வரைக்கும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். பச்சைக் குழந்தையைக்கூட அப்படித் தூக்கியதில்லை. வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்கப்போகிறவள் பேசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

குருசாமி கற்பூரம் கொளுத்தினார். தட்டை வாங்கி ஆத்தாள் காலடியில் வைத்தார்.

"எதுக்கு எதுன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பூசாரியண்ணா, இத்தனை நாளும் லாரிச் சாமானுக்குக் கேட்டோம். வெள்ளைன்னா பழசு, செவப்புன்னா புதுசுன்னு வெச்சிருந்தோம். இன்னைக்குக் கேக்கறது உசுருள்ள சீவனுக்குங்க. அதனால மாத்திச் சொல்லிக்கறேன். செவப்பு வந்தா மாடு நிக்கட்டும். வெள்ளை வந்தா லாரி நிக்கட்டும்."

"மாத்தக் கூடாது!" என்றேன்.

கோயிலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏனுங்க?" என்றாள். பால்போன்ற முகம்.

"வீட்டுல பேசினது ஒண்ணு. இங்க..."

"செவப்பு ஆத்தாளுக்கு உகந்த நெறமுங்க. அதை ஓட்டை லாரிக்கு வெக்கறது பாவமில்லைங்களா பூசாரியண்ணா?"

"தங்கச்சி சொல்றது சரிதானே" என்றார் குருசாமி. "அர்த்தநாரி, உங்களுக்கு என்ன வந்துது? பூவு ரெண்டு நெறம். எது எதுக்கு வெச்சா என்ன? முடிவு ஆத்தா கையில."

என் கையில் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் சிவப்பு என்று சொன்னால் ஆத்தாளை ஏமாற்ற வந்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் மாட்டு வால்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. சரியாப் போயிரும்."

பொட்டலங்களை உருட்டிவிட்டார். நான் ஒன்றைத் தொட்டேன். விட்டேன். மற்றதைத் தொட்டேன். மறுபடி முதலாவதுக்கு வந்தேன். ரொம்ப நேரம் யோசித்துத்தான் எடுத்தேன். எதற்காக யோசித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

குருசாமி பிரித்தார். செம்பருத்தி கசங்கி, செக்கச்செவேலென்று இருந்தது.

"மாடு நிக்குது!" என்றார்.

சுப்பாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது மட்டும் அசல். மடியில் அவளுடைய இரண்டு வெள்ளைப் பூக்களோடு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மதியம் நல்லதம்பி வந்தார். மோர் குடித்துவிட்டுப் போனார். மத்தியாஸ் லாரியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "இனி இதுக்கெல்லாம் புதுச் சாமான்தான் அண்ணாச்சி" என்றான். முன்சீட்டை மட்டும் விட்டுப்போகச் சொன்னாள் சுப்பாத்தாள். அதை மாட்டு வண்டியில் கட்டி வைத்திருக்கிறாள், என் முதுகுக்கு நல்லதாம். அந்த அசல் தோல் சீட்டில் சாய்ந்துகொண்டுதான் இப்போது பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறேன். வால்கள் இன்னும் நன்றாகத் தெரிகின்றன.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் சோற்றில் கைவைத்தபடி கேட்டுவிட்டேன்.

"சுப்பாத்தா, அன்னைக்கு எதுக்கு நெறத்தை மாத்தினே?"

"செம்பருத்தியில வெடியால ரெண்டு பூவு இருந்துதுங்க. குளிச்சுட்டு வந்து பாத்தா ஒண்ணையும் காணோம்."

ரசத்தை ஊற்றினாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாலம் ஆகி முப்பது வருசத்துல மொதல் தடவையா நீங்களா ஒரு முடிவு எடுத்திருந்தீங்க. அதை எதுக்குங்க கலைக்கோணும்னு பூவை அப்படியே உட்டுட்டேன்."