ஆசிரியர் சொல்ல வருவது என்ன?

காலியான கண்காணிப்பாளர் நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி: தலைமை எழுத்தரும் அவர் மனைவியின் தம்பியும். நிர்வாகக் கல்லூரி நுழைவுத் தேர்வில் எவர் தேறுகிறாரோ அவருக்கே நாற்காலி என்று மேலிடம் திருவாய் மலர்ந்தருளியது.

"என் தம்பியைப் போய் நீங்க 'சார்'னு கூப்பிடணுமா? எனக்குச் சிரிப்பை அடக்க முடியாதுங்க!" என்றாள் மனைவி. அவள் யார் பக்கம் என்று இருபது வருடமாக அவருக்குப் பிடிபடவில்லை.

பயிற்சி நிலையத்து வாத்தியார் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மொழிப் பகுதியில முப்பது கேள்வி, நாற்பத்தஞ்சு நிமிஷம். ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம். புரியலையா, விட்டுட்டு நகருங்க. பத்தியை முழுசாப் படிச்சவன் எவனும் தேறினதில்ல."

தலைமை எழுத்தருக்கு உச்சி குளிர்ந்தது. புரியாததை விட்டுவிட்டு நகர்வதற்குத்தானே இத்தனை காலமாகச் சம்பளம் வாங்குகிறார்!

தேர்வு மண்டபத்தில் ஆறு கேள்விகளை ஒன்பதே நிமிடத்தில் முடித்தார். ஏழாவதில் பேனா நின்றது. 'தாழ்வாரத்தில் ஈரக் குடைகளை விரித்தல், விரிக்காதிருத்தல், விரித்தபின் மடக்குதல் ஆகியன தொடர்பாக...' அவரே எழுதிய சுற்றறிக்கை! கேள்வி: ஆசிரியர் சொல்ல வருவது என்ன?

முதலில் பூரித்தார். பிறகு வியர்த்தார்.

அ) குடையை விரிக்கலாம். ஆ) விரிக்கக் கூடாது. இ) அனுமதி பெற்று விரிக்கலாம். ஈ) குடை ஓர் உருவகம்.

விரித்தவனையும் விரிக்காதவனையும் ஒரே வரியில் கண்டிக்க வசதி வேண்டும் என்று அப்போதைய மேலதிகாரி கேட்டதால், மூன்று நாள் உழைத்து, அர்த்தம் எதுவும் உள்ளே நுழைந்துவிடாமல் காவல் காத்து எழுதியது. விட்டுவிட்டு நகரலாம்தான். சொந்தக் கருத்தைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி நகர்வது? மணி அடித்தபோதும் ஏழாவதிலேயே இருந்தார்.

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு முப்பது வட்டங்களையும் நிரப்பிவிட்டுத் தூங்கினான். தேறினான்.

'அந்தப் பத்தியை எழுதியவன் நானே. அதில் கருத்து ஏதும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்' என்று தலைமை எழுத்தர் தேர்வு வாரியத்துக்கு முறையிட்டார். பதில் வந்தது: 'பத்தி தங்களுடையது, பொருள் வாரியத்துடையது. குடை ஓர் உருவகம்.'

"வீட்டுல நீங்க மாமாதான். இங்க மட்டும் கொஞ்சம்..." என்று புது நாற்காலியில் நெளிந்தான் மைத்துனன்.

"சரிங்க... சார்."

அன்றே ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். பதினோராவது வரியில், 'இளவயது அதிகாரி தம் அக்காள் கணவரைச் சார் என்றே விளித்தல் வேண்டும்' என்று செருகினார். மைத்துனன் படிக்காமல் கையெழுத்திட்டான். நாற்பது ஊழியர்களும் 'படித்து உணர்ந்தேன்' என்று கையெழுத்திட்டார்கள்.

"எங்க, இப்பக் கூப்பிடுங்க பார்ப்போம்!"

"யாரை மாமா?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுதான். பதினோராவது வரியைப் படிங்க."

மைத்துனன் வரியின் நீளத்தைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஆப்ஷன் குடுங்க மாமா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு எழுதினார்: நான் உங்களை, நீங்கள் என்னை, எல்லோரும் எல்லோரையும், யாரும் யாரையும் இல்லை. அவன் கண்ணை மூடி மூன்றாவதில் டிக் அடித்தான். கையெழுத்தும் போட்டான். சட்டமாகிவிட்டது.

அன்று முதல் அங்கே எல்லோருமே சார். அதனால்தான் ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நின்றுகொண்டு நாம் 'சார், சார்' என்று எவ்வளவு கத்தினாலும், யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் உள்ளே ஒருவரும் திரும்புவதில்லை.