வம்பு வேண்டாம் வாத்தியார்

மனிதர்களில் 'வம்பு வேண்டாம்' என்று ஒரு வகை உண்டு. கத்தமாட்டார்கள், யாரையும் கடிந்து பேசமாட்டார்கள், எந்தப் பக்கம் கேட்டாலும் "அதுவும் சரிதானுங்க" என்பார்கள். வங்கியில் இருப்பார்கள், சங்கத்தில் இருப்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் உங்களுக்கு அடுத்த இலையில் இருப்பார்கள். ஆனால் இந்த வகையின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கொல்லிமலைக்கு வாருங்கள். வாழவந்தி நாட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறாரே சென்னியப்பன், அவர்தான்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வரைபடம் போட்டால் இலங்கையைக்கூட மறக்காமல் போடுபவர். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் மதங்கள் தோன்றிய கதை வரும்போதுதான் அவருக்குச் சிக்கல். புத்தரை இரண்டு நாள் விஸ்தாரமாக நடத்துவார். புத்தரின் ஆட்கள் யாரும் இந்த மலையில் இல்லை. ஏசு வந்தால் குரல் தாழும், தலைமையாசிரியை மரியம்மாள் வராந்தாவில் நடக்கிறாரா என்று கண் அலையும். இஸ்லாம் வந்தால்?

"இதை நீங்களே படிச்சுக்குங்க கண்ணு. பரீட்சைக்கு வராது."

நான்கு பக்கங்கள். ஒரே புரட்டு.

இஸ்லாம் மீது வெறுப்பா? கிடையவே கிடையாது. சொந்த ஊரான ராசிபுரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ரம்ஜானுக்கு வரும் பிரியாணியைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுபவர். எல்லாம் பயம்தான். நல்லவிதமாகச் சொன்னால் 'மதம் பரப்புகிறார்' என்று ஒருவன் கிளம்புவான், ஒரு வார்த்தை பிசகினால் 'மதத்தைப் பழிக்கிறார்' என்று இன்னொருவன் கிளம்புவான், இரண்டுக்கும் நடுவில் நின்று எவனாவது செல்போனில் படம் எடுப்பான், அது வாட்ஸ்அப்பில் மலையை விட்டு இறங்கி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கே போய்ச் சேரும், சொந்த ஊருக்குக் கிடைக்க வேண்டிய இடமாறுதல் காற்றோடு போகும். நடத்தாமலே விட்டால்? யார் கேட்கப் போகிறார்கள்? ஏழு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாவது வருஷம் காலாண்டுத் தேர்வு கேட்டது.

'இஸ்லாமின் ஐந்து தூண்களை விளக்குக.' கட்டாய வினா, ஐந்து மதிப்பெண்.

கார்த்தி என்ற பையன் படமே போட்டிருந்தான்: முன்பக்கம் இரண்டு தூண், பின்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று, 'நடுத்தூண்தான் பாரம் தாங்கும்.' வகுப்பின் முதல் மாணவி தேன்மொழிக்குக் கேள்வியை வெறுமனே விட்டுப் பழக்கமில்லை. 'தூணுக்குச் சில்வர் ஓக் மரமே சிறந்தது. அதில் மிளகுக்கொடியும் ஏற்றலாம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்.

விடைத்தாள்களைப் பார்த்த மரியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சென்னியப்பன் சார், இந்தப் பாடத்தை நடத்துனீங்களா?"

"டைம் பத்தலீங்க மேடம்..."

"திங்கக்கிழமை நடத்துறீங்க."

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்றால் பாடத்தை நடத்தியிருப்போம். 'வம்பு வேண்டாம்' வகை அப்படிச் செய்யாது. பாதுகாப்புக்கு ஒரு காகிதத்தைத் தேடும். நாளைக்கு எந்தப் பெற்றோராவது கேட்டால் காட்ட ஒரு கையெழுத்து வேண்டாமா? வெள்ளிக்கிழமை மாலையே அவர் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்: 'வரும் திங்களன்று தங்கள் பிள்ளைக்கு இஸ்லாம் பற்றிய பாடம் நடத்தப்படவிருப்பதால், இதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை எனக் கையொப்பமிட்டு அனுப்பவும்.'

அதுவரை மலையில் யாருக்கும் ஆட்சேபணை என்ற நினைப்பே இல்லை.

திங்கள் காலை எட்டு டூவீலர்கள் பள்ளி வாசலில் வந்து நின்றன. சென்னியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முன்னால் வந்தவர் பாவாயி, தேன்மொழியின் அம்மா. மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். கையில் அந்தக் கடிதம். பின்னால் கார்த்தியின் அப்பா மாதேஸ்வரன், இடுப்பில் கொடுவாளோடு. தோட்டத்திலிருந்து நேராக வந்தவர், பாவம். ஆனால் சென்னியப்பனின் கண்ணுக்குக் கொடுவாள் மட்டுமே தெரிந்தது.

"ஏனுங்க சாரு, இந்தக் கடுதாசி நீங்க எழுதுனதுங்களா?" என்றார் பாவாயி.

"மேடம் நடத்தச் சொன்னாங்க... நான் சும்மா..."

"பாடம் நடத்த எங்க கையெழுத்து எதுக்குங்க? கணக்குக்குக் கேட்டீங்களா? சயின்சுக்குக் கேட்டீங்களா?"

"இது மதம் சம்பந்தப்பட்டதுங்க. நாளைக்கு யாராச்சும்..."

"எம்புள்ளை அழுதுட்டு ஊட்டுக்கு வந்துச்சுங்க. அஞ்சு மார்க்கும் போச்சு. பரீட்சைக்கு வராதுன்னு நீங்கதான் சொல்லிப்போட்டீங்களாமா?"

எத்தனையோ குற்றச்சாட்டுகளுக்கு அவர் ஞாயிறு முழுக்கப் பதில் தயாரித்து வைத்திருந்தார். இது அந்தப் பட்டியலில் இல்லை.

"வேலையப் போட்டுட்டு வந்திருக்கறமுங்க" என்றார் மாதேஸ்வரன். "நடத்துங்க. நாங்களும் பின்னால உக்காந்து கேட்டுட்டுப் போறோம்."

நடத்தினார். முதல் பத்து நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நடத்தினார். நம்பிக்கை, தொழுகை, ஈகை என்று மூன்றையும் வேகமாகக் கடந்து நோன்புக்கு வந்தபோது கார்த்தி எழுந்தான். அந்தப் பக்கம் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர்.

"நோம்பிங்களா சார்? கெடா வெட்டுவாங்களா?"

"நோம்பி இல்ல சாமி, நோன்பு. நோம்பின்னா நாம வயிறு முட்டத் தின்கறது. நோன்புன்னா பொழுது விடியறதுக்கு முன்னால இருந்து பொழுது சாயற வரைக்கும் பச்சத்தண்ணிகூடக் குடிக்காம இருக்கறது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சென்னியப்பன் திடுக்கிட்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. மாதேஸ்வரனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சென்னியப்பனின் குரல் கொஞ்சம் ஏறியது. ஐந்தாவது தூணான ஹஜ் பயணத்துக்கு மெக்காவுக்குப் போகும் வழியைக் கரும்பலகையில் வரைந்தார்.

தேன்மொழி கை தூக்கினாள். "சார், நோன்பு அன்னிக்குத் தூரமாப் பயணம் போறவங்க என்ன பண்ணுவாங்க?"

அது அவருக்குத் தெரியாது. "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம்" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பின்வரிசையில் எட்டுப் பெற்றோர்.

"எனக்குத் தெரியலையே கண்ணு" என்றார்.

"இருங்க சாரு, மொளகு வாங்கற காஜா பாயையே கேட்டுப்போடலாம்" என்று பாவாயி அதற்குள் செல்போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்துவிட்டார். சேந்தமங்கலத்திலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்கு வாராவாரம் வரும் வியாபாரி காஜா பாய்.

"பயணத்துல இருந்தா நோன்ப விட்டுட்டு, அப்புறம் ஒரு நாள் வெச்சுக்கலாம் கண்ணு" என்றது போன். "ஆனா உங்க மலைக்கு வர்ற அன்னிக்கு நான் மட்டும் விடறதே இல்லீங்க. அந்த வளைவுகளுக்கு வயித்துல ஒண்ணும் இல்லாம வர்றதுதான் நல்லது!"

கூரை அதிரும்படி ஒரு சிரிப்பு. சென்னியப்பனும் சிரித்தார். சிரித்து முடித்தபோது, ஏழு வருஷம் 'வராது' என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள் வந்தன. மனசு கொஞ்சம் குறுகியது. மணி அடித்த பிறகும் கால் மணி நேரம் நடத்தினார்.

புகார் வந்ததா? வந்தது, மறுநாளே, மாதேஸ்வரனிடமிருந்து: "ஏசு பாடத்தையும் இதே மாதிரிச் சத்தமா நடத்தச் சொல்லுங்க மேடம். எம்பையனுக்குக் காதுலயே உழுகலையாமா." மரியம்மாள் அதைச் சிரிக்காமல் சென்னியப்பனிடம் சொன்னார். அரையாண்டில் அந்த வகுப்பே ஐந்து தூண்களையும் எழுதியது. இடமாறுதல் மட்டும் கிடைக்கவில்லை. காரணம் இஸ்லாம் இல்லை, சீனியாரிட்டி.

சரி, நீங்கள் எங்கே எழுந்துவிட்டீர்கள்? போன வாரம் பஸ்ஸில் போகும்போது உங்கள் பிள்ளை ஜன்னல் வழியாகக் கைநீட்டி, 'அந்தப் பள்ளிவாசலுக்குள்ளே என்ன இருக்கும்?' என்று சத்தமாகக் கேட்டதே, அப்போது முன் சீட்டையும் பின் சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"பிஸ்கட் சாப்பிடறியா கண்ணு?"