உச்சி வெட்டுப்படாத படம்

திருவண்ணாமலையில் மலைப் படக்காரர் என்றோர் இனம் உண்டு. கோபுரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, இட்லி தின்று ஊர் திரும்பும் வெளியூர்க்காரர்களைச் சொல்லவில்லை. இவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். சன்னலைத் திறந்தாலே தெரியும் மலையை, இன்றைக்கும் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள்போல, விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடிப்பவர்கள்.

அடையாளம் காண்பது எளிது. கிரிவலப் பாதையில் எல்லோரும் மலையைக் கும்பிட்டபடி நடக்க, ஒருவர் மட்டும் வரப்பில் குப்புறப் படுத்திருப்பார். மயக்கமோ என்று தண்ணீரோடு ஓடாதீர்கள். புல் நுனிக்கு மேலே மலை வரவேண்டுமாம். உச்சியில் மேகம் இறங்கினால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவார். திரும்பி வந்து, லைட் போய்விட்டது என்று இழவு வீட்டுக் குரலில் சொல்வார். மின்கம்பி மேல் கோபம், குறுக்கே வரும் பேருந்து மேல் கோபம், பாதையோர லிங்கக் கோயிலில் கற்பூரம் ஏற்ற வந்த பக்தர்கள் மேல் அதைவிடக் கோபம். அதே மலை, அதே ஏரி, அதே நந்தி. எடுத்ததெல்லாம் போதாதா? கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் காட்டுவார். உங்கள் சாயங்காலம் போய்விடும்.

என் தம்பி அருண்பிரசாத் இந்த இனத்தில் முதல் தரம். உடன்பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் அவனைப்போல மலையைப் பிடிக்க ஆள் கிடையாது. இந்த இனத்தாருக்கு ஒரே சட்டம்: மலைதான் சாமி, ஆகவே எந்தப் படத்திலும் அதன் உச்சி மறையவோ வெட்டுப்படவோ கூடாது.

எங்கள் தங்கை தமிழ்செல்விக்குப் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பெண்ணின் படத்தை அனுப்புங்கள், பார்த்துப் பிடித்தால்தான் பெண் பார்க்க வருவோம் என்றார்கள். ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றேன். வீட்டில் கலைஞன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது.

பட்டுப்புடவையோடு அவளை வயலில் நிறுத்தினான். அவள் தலை மலை உச்சியை மறைத்தது. தள்ளிப் போகச் சொன்னான். இன்னும் மறைத்தது. வாய்க்காலைத் தாண்டச் சொன்னான். கடைசியில் படத்தில் அவள் ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில், ஆட்டைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள்.

"டேய், பொண்ணு முகமே தெரியலயேடா," என்றேன்.

"ஜூம் பண்ணிப் பாத்துக்குவாங்கக்கா. அதுக்காக சாமிய மறைக்கச் சொல்றியா?"

படம் போனது. பதில் இல்லை. இதுவும் தட்டிப்போய்விட்டது என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா போனில் பேசினார்.

"படம் வந்துச்சுங்க. நேர்ல தரிசனம் பண்ண மாதிரியே இருக்கு. ஃபிரேம் போட்டு பூஜை ரூம்ல மாட்டிட்டோம்." பிறகு கேட்டார்: "பொண்ணு படம் எப்பங்க அனுப்புவீங்க?"

தமிழ்செல்வி என் கைபேசியை வாங்கிக்கொண்டு போய், கொல்லைச் சுவர் முன் நின்று, தானே ஒரு படம் எடுத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா சாப்பிடத் தொடங்கிவிட்டாள். தம்பி மட்டும் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பேக்ரவுண்டே இல்லயே," என்றான்.

சிரிக்கிறீர்களா? சரி, உங்கள் கைபேசியில் அம்மாவின் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றைத் தேடுங்கள். அருவி வரும், கடல் வரும், சூரியன் திரும்பத் திரும்ப மறையும். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நிற்பது அம்மாதானா என்று விரலால் பெரிதாக்கத் தொடங்கினீர்களானால், உங்கள் வீட்டிலும் ஒரு அக்கா உங்களைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.