பன்னிரண்டு நகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் கொடுத்த லேப்டாப்புக்குத்தான் சுகமில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நாற்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு மெதுவாகப் பேச வராது. விஷயம் அத்தை காதுக்குப் போகக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன் மேஜையிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்து மேஜையை நகர்த்தினேன், அலமாரியை நகர்த்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சத்தம் லேப்டாப் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது. அது கண் திறப்பதற்குள் நான் குளித்துச் சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறேன். ரிப்பேர் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். காதை வைத்துக் கேட்டவர், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டார். "சார், ஹார்ட் டிஸ்க் போற நிலைமைல இருக்கு. உள்ள இருக்கறத முதல்ல நகல் எடுத்து வைங்க, அப்புறம் கொண்டாங்க" என்றார்.

உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியாததா? அத்தை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஆறு வருஷமாக எழுதின வடிவியல் புத்தகம். கணக்கு என்றாலே அழுகிற பிள்ளைகளுக்காக, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாதக் கடைசியில் பதிப்பகத்துக்குக் கொடுக்கணும். வேறெங்கேயும் ஒரு தாள் கூட கிடையாது. யார் யார் புத்தகத்தையோ அச்சடிச்சுக் கொடுத்தவன், சொந்தப் பெண்டாட்டி புத்தகத்தைக் கோட்டை விட்டுட்டு நிக்கிறேன் மாப்பிள்ளை.

நகல் எடுக்காமலும் இல்லை. ஒன்றுக்குப் பத்தாக இருக்கட்டும்னு பன்னிரண்டு எடுத்தேன். அத்தனையும் அதே லேப்டாப்புக்குள்ளேயே! இடம் நிரம்பிப்போய் அது இன்னும் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. கடைக்காரர் தலையில கை வச்சுக்கிட்டார். "சார், வீடு தீப்பிடிச்சா ஹால்ல இருக்கிற சாமானைப் படுக்கையறையிலயா கொண்டுபோய் வைப்பீங்க?"ன்னு கேட்டார். அப்புறம் ஏதோ சோதனை ஓட விடச் சொன்னார், எட்டு மணி நேரம், நடுவுல அணைக்கக் கூடாதாம். அத்தைக்குச் சத்தம் கேக்கக் கூடாதேன்னு துண்டைச் சுத்தி வச்சேன், அது அடுப்பு மாதிரி கொதிச்சுப்போச்சு, உடனே டேபிள் ஃபேன் முன்னாடி வச்சேன். அந்தப் பக்கம் வந்த அத்தை, "என்னங்க, அதுக்கு ஜுரமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. மெஷினுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேணும்னு நீங்க சொன்னதா ஒரு புளுகு விட்டேன், மன்னிச்சுக்குங்க. "சரி"ன்னா. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல குறுக்குக் கேள்வி கேக்காம அவ சரின்னதே இல்லை. அதுதான் எனக்கு இடிக்குது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். தூசி தட்டுறேன் பேர்வழின்னு லேப்டாப்பைக் கீழே போட்டது நான்தான். மனசு உறுத்துது. மூணு வாரமா பாத்திரமெல்லாம் நான்தான் கழுவறேன். கேட்டா, டாக்டர் கைக்கு அசைவு வேணும்னாருன்னு சொல்லியிருக்கேன். முடியலை மாப்பிள்ளை. அலுத்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை சும்மா பாக்க வந்த மாதிரி வந்து எப்படியாவது அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்துக் குடுத்துடுங்க.

உங்களுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் வீட்டில் எதுவும் டக் டக் என்று சத்தம் போடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறது. இந்த வீட்டுல கடுதாசிக்கு உறை ஒட்டித் தபால்ல போடுறது எப்பவும் நான்தான். பழக்க தோஷம், இதையும் எங்கிட்டயே குடுத்துட்டு, பாத்திரம் தேய்க்கிற நார் வாங்கக் கடைக்குப் போயிருக்கார். அவர் கீழே போட்ட சத்தம் அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு. சாயங்காலமே புத்தகத்தைப் பென் டிரைவ்ல ஏத்திப் பதிப்பகத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டேன். பன்னிரண்டு நகல் எடுத்த மனுஷன், ஒரே ஒரு தடவை முதல் பக்கத்தைத் திறந்திருந்தா, புத்தகம் யாருக்குச் சமர்ப்பணம்னு எழுதியிருக்கேன்னு பாத்திருப்பார். அச்சாகி வரட்டும், அவரே பாத்துக்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாங்க, லேப்டாப்பைத் தட்டிப் பாத்துட்டு இன்னும் ஒரு மாசம் ஓய்வு வேணும்னு சொல்லிட்டுப் போங்க. பரண் சுத்தம் பண்ற வேலை பாக்கி இருக்கு.