ஐஸ் வண்டியில் அழுத பேய்

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் சர்வீஸ் கடையில் அன்றும் கூட்டம் தாங்கவில்லை. வண்டி கழுவ வந்த கூட்டமல்ல, வண்டிக்குப் பேய் ஓட்ட வந்த கூட்டம்! மனிதரைப் பிடித்த பேயை ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவர் புதுத் தினுசு. பிக்கப், லாரி, டெம்போ எதைப் பிடித்த பேயையும் ஓட்டுவார். பெயர் இன்ஜின் சாமி. பேய்களும் பாவம், எத்தனை காலம்தான் மரத்திலேயே தொங்கும்? வண்டி, வாகனம் என்று அவையும் முன்னேற வேண்டாமா?

சாமியின் முறை எளிமையானது. பானெட்டைத் தூக்குவார். அதன் மேலும் தன் தலை மேலும் சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொள்வார். "எல்லாரும் திரும்பி நின்னு கண்ணை மூடுங்க! எவனாவது பாத்தா பேய் அவன் மேல ஏறிக்கும்!" என்பார். லோடுமேன் மூடுவார், கணக்கு வாத்தியாரும் மூடுவார். கம்பளிக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு, "போடு சாவியை!" வண்டி உறுமும். கூட்டம் விழுந்து கும்பிடும்.

சில வண்டிப் பேய்கள் முரண்டு பிடிக்கும். அந்த வண்டிகளைச் சாமி காலடியில் ஒப்படைத்துவிட வேண்டும். அவை பின்பக்கத்து ஷெட்டுக்குள் போகும். வேறு நிறத்தில் வெளியே வந்து வேறு ஊருக்கு விலைக்குப் போகும். பெயின்ட் அடித்தால் பேய்க்கு அடையாளம் தெரியாதாம். நல்ல டயர் உள்ள வண்டிகளாகப் பார்த்து முரட்டுப் பேய்கள் பிடிப்பது ஏன் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அன்று தள்ளிக்கொண்டு வரப்பட்டது ஒரு பழைய பிக்கப். பழசு என்றாலும் கட்டுமஸ்தானது. ஐஸ் கட்டி ஏற்றிப்போய் மீன் கடைகளுக்குப் போடும் வண்டி. அந்தக் குடும்பத்துக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. காலையில் இதே கடையில் கழுவி, லோடு ஏற்றிக் கிளம்பியது, பாதி வழியில் படுத்துவிட்டது.

"செல்ஃப் சுத்துது சாமி, ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்றார் ஐஸ்காரர், அழாத குறையாக.

சாமி கம்பளிக்குள் போனார், முணுமுணுத்தார், வெளியே வந்தார். முகத்தில் கவலை. வண்டி உறுமவில்லை.

"இது யாரு வாங்கின வண்டி?"

"என் மாமனார் வாங்கினது சாமி. அவர் போன வருஷம் தவறிட்டார்."

"அவரேதான்! உன் மேல தீராத கோபம். பெட்ரோல் பம்போட கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டு இருக்கார்."

பம்புக்குக் கழுத்து எங்கே என்று கேட்க ஆளில்லை. சாமி குனிந்து வண்டிக்கு அடியில் காட்டினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"பாருங்க! பேய் அழுவுது!"

"ஐயோ, ஆமா!" என்று கூட்டம் பின்வாங்கியது. ஐஸ் ஏற்றிய வண்டியில் தண்ணீர் சொட்டாமல் தேனா சொட்டும்? ஆனால் அதை யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"வண்டி பேப்பரையும் சாவியையும் வெச்சுட்டுப் போயிடு. இல்லேன்னா வீட்டுல இன்னொரு உசுரு போகும்."

ஐஸ்காரர் சாவியை நீட்டினார். அதுவரை முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கீழே குதித்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. செத்துப்போன தகப்பனைப் பேயாக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"உசுரோட இருந்தவரைக்கும் எங்கப்பா இவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்ப வந்து பம்பைப் பிடிச்சு நெரிக்கிறாரா?"

"சும்மா இருடி, சாமி கோவிச்சுக்குவார்!"

"கோவிச்சுக்கட்டும். நம்ம ஐஸு கரையுது. உள்ள ஏறி சாவியை லேசா மட்டும் திருப்புங்க."

அவர் ஏறித் திருப்பினார். அவள் பெட்ரோல் டேங்க் பக்கம் காதை வைத்தாள்.

"தினம் சாவியைத் திருப்பினா இங்கே கொய்ங்னு ஒரு சத்தம் வரும். இப்ப வரலை. பம்புக்குக் கரண்டே போகலை. ஹாரனை அடிங்க!"

ஹாரன் அலறியது. பேய்தான் கத்துகிறதென்று இரண்டு பேர் ஓடினார்கள்.

அவள் பானெட்டுக்குள் கை விட்டாள். "போன மாசம் ஹாரன் நிக்காம கத்துனப்ப எலக்ட்ரீஷியன் இந்த ரிலேயைத்தான் புடுங்கினார். பக்கத்துல இருக்கறது பம்புக்குக் கரண்ட் குடுக்கற ரிலே. ரெண்டும் ஒண்ணுதான்னார். மாத்திப் போட்டுப் பாக்கறேன்."

"தொடாதே! ரத்தம் கக்கிச் சாவே!" என்று சாமி பாய்ந்தார்.

அவள் ரத்தம் கக்கவில்லை. தீப்பெட்டி அளவில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினாள்.

"எல்லாரும் கண்ணை நல்லாத் திறந்து பாருங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க!"

டேங்கிலிருந்து கொய்ங் என்று சத்தம் வந்தது. வண்டி உறுமியது.

"ஹாரனை அடிங்க."

ஹாரன் மூச்சு விடவில்லை.

"பாத்துக்கோங்க! எங்கப்பா பம்பை விட்டுட்டு ஹாரனுக்குள்ள போயிட்டார்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஹாரன் பக்கம் இருந்த பெட்டியைப் பிடுங்கிக் காட்டினாள்.

"இது சாகக் கிடந்த பழைய ரிலே, பாதி வழியில செத்துடுச்சு. காலையில வண்டியைக் கழுவ விட்டவரைக்கும் நல்லா ஓடுச்சு. கழுவினது யாரு?"

எல்லாத் தலையும் கடைக்காரர் பக்கம் திரும்பின. அவர்தான் சாமியின் முதல் பக்தர். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு நழுவப் பார்த்தவரை இருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு லாரி டிரைவர் சாமியின் கம்பளியை உருவி உதறினார். உள்பையிலிருந்து ரிலேக்களும் ஃபியூசுகளும் பொலபொலவென்று கொட்டின.

சாமி சளைக்கவில்லை. "அதெல்லாம் நான் பிடிச்சு அடைச்ச பேய்கள்!" என்றார். அதற்கும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

"அடைச்ச பேயை எதுக்குய்யா கழுவ வர்ற வண்டியில சொருகறீங்க?" என்று டிரைவர் சாமியின் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தார். ஷெட்டைத் திறந்தார்கள். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் தங்கள் வண்டிகளைக் கண்டுகொண்டவர்கள் சாமியை அடிக்கப் பாய்ந்தார்கள். போலீஸ் வந்ததால் சாமி பிழைத்தார்.

ஐஸ்காரர் தன் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். அவள் ஏறப் போனாள். அப்போது கணக்கு வாத்தியார் ஓடி வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, அவள் காலில் விழப் போனார்.

"தாயே! நீங்க சாதாரணப் பொம்பளை இல்லை, தெய்வ அம்சம்! என் காரும் ஸ்டார்ட் ஆகலை. உங்க கையால தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க!"

அவருக்குப் பின்னால் வரிசையே நின்றுவிட்டது.

"கையைக் கீழே இறக்குய்யா!" என்று அவள் கத்தினாள். "இந்தக் கை ரெண்டையும் கூப்பியே வெச்சிருந்தா பானெட்டை யாருய்யா தூக்குறது?"