ஜன்னலோர மேஜை

இனிமேல் ஜன்னலோர மேஜை சதுரங்கத்துக்கு மட்டும்தான் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகடனம் செய்தேன். எங்கள் வீட்டில் இருப்பதே அந்த ஒரு மேஜைதான்; நல்ல வெளிச்சம் விழுவதும் அங்கேதான். என் மனைவிக்குத் தையல் மெஷின் வைக்க அதே மேஜைதான் வேண்டும்.

"இருட்டுல தைச்சுத் தைச்சு நேத்து காலர்ல சட்டைக் கையைச் சேர்த்துத் தைச்சிட்டேன்," என்றாள்.

"ஆடிப் பார்த்துடலாம். ஜெயிக்கிறவங்களுக்கு மேஜை."

சதுரங்க மன்றத்தில் என் ரேட்டிங் ஆயிரத்து எண்ணூறு. மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த அவளுக்கு ஆயிரத்து நாற்பது. மலைக்கும் மடுவுக்கும் பந்தயம். ஆகவே வள்ளலானேன்.

"டிரா ஆனாக்கூட மேஜை உனக்கே."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நானாவது, மாறுறதாவது."

ஆட்டம் தொடங்கியது. அவள் குதிரைகள் போயின. மந்திரிகள் போனார்கள். ராணியும் போனாள். என் பக்கம் ஒரு பட்டாளமே நின்றது.

"ஏங்க, இப்பவே மேட் வெச்சு முடிச்சிடலாமே?" என்றாள் பரிதாபமாக.

"முடிக்கலாம். முதல்ல பலகையைத் துடைச்சு எடுத்துடறேன்."

சிப்பாய்களைப் பொறுக்கித் தின்றேன். கடைசியில் அவளிடம் மூலையில் முடங்கிய ராஜாவும் ஒரே ஒரு யானையும் மிஞ்சின. அந்த யானை நேராக என் ராஜாவின் பக்கத்தில் வந்து நின்றது.

"செக்," என்றாள்.

காவலே இல்லாத யானை. ராஜாவாலேயே வெட்டினேன்.

"ம், ஆடு."

"எதை ஆடறது? ராஜாவுக்குச் செக் இல்ல. நகரவும் இடமில்ல. வேற காயும் இல்ல. அப்படி ஆனா டிரான்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

பலகையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் டிராதான்.

"அந்த யானையை மட்டும் நான் விட்டு வெச்சிருந்தா..."

"விட மாட்டீங்க. பதினஞ்சு வருஷமா உங்களுக்குப் பரிமாறறேன். தட்டுல எதையாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

நான் காய்களைப் பெட்டியில் போட்டு மூடுவதற்குள் மெஷின் மேஜைமேல் ஏறி ஓடத் தொடங்கியிருந்தது.

"இன்னொரு ஆட்டம் போடுவோம். இந்தத் தடவை உன்னை விடப்போறதில்ல."

"தாராளமா," என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பலகையை எது மேல வைக்கப் போறீங்க?"